சாக்கடைக்குச் சோதனை உண்டு, அதில் நிற்பவருக்கு?

2016 ஜூன் மாதம் ஐதராபாத் அம்பர்பேட்டையில், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் எடுத்த மாதிரியில், சொட்டு மருந்திலிருந்து உருமாறிய இரண்டாம் வகை போலியோ வைரஸ் இருப்பது தெரியவந்தது. ஒரு குழந்தைக்கும் நோய் வந்திருக்கவில்லை. ஆனாலும் அரசு காத்திருக்கவில்லை. சில நாட்களிலேயே சுற்றுவட்டாரத்தில் சுமார் 3 லட்சம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டது. 2020இல் அகமதாபாத் கழிவுநீரில் கொரோனா வைரஸின் மரபணுத் தடயத்தைக் காந்திநகர் ஐஐடி ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். 2022இல் லண்டனின் பெக்டன் நிலையத்துக் கழிவுநீரில் போலியோ வைரஸ் தென்பட்டபோது, அந்த நகரில் 1 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஒரு தவணை கூடுதலாகத் தருவதாக அறிவித்தார்கள். ஓர் ஊரின் நோய் ஆஸ்பத்திரிக்கு வருமுன்பே சாக்கடைக்கு வந்துவிடும் என்பது பொதுச் சுகாதாரத் துறைக்கு இன்று நன்றாகத் தெரியும். அந்தச் சாக்கடையிலிருந்து மாதிரியை முகந்து கொடுப்பவரின் உடம்பில் என்ன இருக்கிறது என்ற கேள்வி மட்டும் இந்த ஏற்பாட்டுக்குள் வருவதில்லை.

சுத்திகரிப்பு நிலையங்களில் அளவுக்குக் குறைவில்லை. வெளியேறும் நீரின் பிஓடி (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) எவ்வளவு, மிதக்கும் திடப்பொருள் எவ்வளவு, மலக்கிருமி எண்ணிக்கை எவ்வளவு என்று தினமும் பதிவேட்டில் ஏறுகிறது. அளவு தாண்டினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்கும், பசுமைத் தீர்ப்பாயம் கேட்கும், ஒப்பந்தக்காரரின் பில்லில் பிடித்தம் விழும். நிலையத்தில் வேலை செய்தவர்களில் இந்த ஆண்டு எத்தனை பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது, எத்தனை பேர் வாந்தி பேதியால் விடுப்பு எடுத்தார்கள் என்பதற்கு அந்தப் பதிவேட்டில் பத்தி கிடையாது. இந்தத் தொழிலாளர்களுக்கு வரும் வைரஸ் நோய்களைத் தொழில்சார் நோயாகக் கருதிப் பதிவு செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். கையுறை, தடுப்பூசி, இழப்பீடு எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. பதிவில்லாத நோய்க்கு யாரும் நிதி ஒதுக்கப் போவதில்லை.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது விளங்கும். நகரத்தின் கழிவுநீர் உந்து நிலையங்களிலிருந்து வந்து முதலில் கம்பிச் சல்லடையில் மோதுகிறது. ஈரத் துடைப்புத் தாள், தலைமுடிச் சுருள், பால் கவர், பாக்குப் பொட்டலம், சானிட்டரி நாப்கின், ஆணுறை, சில நேரம் ஊசியும் சவர பிளேடும் அங்கே சேர்கின்றன. இயந்திர வாரி இருந்தாலும் அது அடிக்கடி சிக்கிக்கொள்ளும். சிக்கினால் கையால்தான் எடுக்க வேண்டும். அடுத்து மணல் பிரிக்கும் தொட்டி, பிறகு படிவுத் தொட்டி, அதன் பிறகு காற்றூட்டும் தொட்டி. அங்கே அடியிலிருந்து குமிழிகள் கொப்பளித்து மேலே வெடிக்க, நுண்துளிகள் நடைபாதை வரை தெறிக்கும். கசடைப் பிழியும் இயந்திரத்தின் பட்டையைக் குழாய் நீர் பீய்ச்சிக் கழுவும்போது கழுவுபவரின் முகத்துக்கே அது திரும்பி வரும். கிருமி கொல்லும் குளோரின் சேர்வது எல்லாம் முடிந்த பிறகு, நீர் வெளியேறும் வாசலில். ஆற்றையும் ஆற்றின் கீழ்ப்போக்கில் இருப்பவர்களையும் காப்பதற்காக வடிவமைத்த நிலையம் இது. உள்ளே வரும் நீரின் முன் நிற்பவர் அந்த வடிவமைப்பின் கணக்கில் இல்லை.

அந்த நீரில் வரும் வைரஸ்களில் முக்கியமானவை ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ, நோரோ, ரோட்டா, அடினோ, என்டிரோ வகைகள். நோயாளியின் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியேறுபவை. இவற்றுக்குப் பொதுவான ஒரு குணம் உண்டு: மேலே கொழுப்புறை கிடையாது. கொரோனா போன்ற உறையுள்ள வைரஸ்கள் வெளியே வந்தால் சீக்கிரம் செயலிழக்கும்; இவை தாக்குப்பிடிக்கும். வயிற்று அமிலத்தையும் கடந்து போகும். நோரோ வைரஸில் மிகக் குறைந்த எண்ணிக்கைத் துகள்களே ஒருவரை நோயில் தள்ளப் போதும். இன்னொன்று, பாக்டீரியாவைக் கொல்லும் அளவு குளோரின் இவற்றைக் கொன்றுவிடும் என்று நம்ப முடியாது. இந்த உண்மையை இந்தியா கசப்பாகவே கற்றது. 1955-56இல் யமுனை திசை மாறி, வசீராபாத் நீரேற்று நிலையத்தின் வாய்க்குள் சாக்கடை நீர் புகுந்தது. பொறியாளர்கள் குளோரினைக் கூட்டினார்கள், டைபாய்டு பரவவில்லை. ஆனால் டெல்லியில் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது. பல்லாண்டுகள் கழித்துத்தான் அது ஹெபடைடிஸ் இ வைரஸின் வேலை என்று நிச்சயமாயிற்று. மலக்கிருமி எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று பதிவேட்டில் எழுதுவது வைரஸ் குறைந்துவிட்டது என்பதற்குச் சான்றாகாது.

தொழிலாளர்களைப் பற்றிய நேரடிச் சான்றும் இருக்கிறது, அதுவும் நம் நாட்டிலேயே. புனே தேசிய வைராலஜி நிறுவன ஆய்வாளர்கள் கழிவுநீர்த் தொழிலாளர்களின் ரத்தத்தையும், கழிவுநீரோடு தொடர்பில்லாத மற்றவர்களின் ரத்தத்தையும் ஒப்பிட்டு 2003இல் வெளியிட்ட ஆய்வு அது. கழிவுநீருக்கு நெருக்கமாக வேலை செய்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் ஹெபடைடிஸ் இ எதிரணுக்கள் இருந்தன. மற்றவர்களில் ஐந்தில் ஒருவரிடம்கூட இல்லை. அதே ஆய்வில் ஹெபடைடிஸ் ஏ விஷயத்தில் இரு தரப்புக்கும் வேறுபாடு தெரியவில்லை, ஏனென்றால் அந்தத் தலைமுறையில் ஏறக்குறைய எல்லோருக்குமே சிறுவயதில் அது வந்து போயிருந்தது. என் பார்வையில் இந்த இரண்டாவது முடிவுதான் முதல் முடிவுக்கு வலு சேர்க்கிறது. வீட்டுத் தண்ணீரும் தெருச் சாப்பாடும் மட்டுமே காரணம் என்றால், ஹெபடைடிஸ் இ விஷயத்திலும் இரு தரப்பும் ஒரே அளவில் இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. வேலைதான் வித்தியாசம்.

ஆபத்தைப் பெருக்கிச் சொல்வதும் தவறுதான். கழிவுநீரில் கொரோனாவின் மரபணு கிடைத்தபோது, அந்த நீரின் வழியே நோய் தொற்றும் என்ற அச்சம் பரவியது. அப்படித் தொற்றியதற்குச் சான்று எழவில்லை. காற்றைப் பற்றியும் அளவோடு பேச வேண்டும். சுவிட்சர்லாந்தில் 31 சுத்திகரிப்பு நிலையங்களின் காற்றைச் சோதித்து 2014இல் வெளிவந்த ஆய்வில், அடினோ வைரஸ் ஏறக்குறைய எல்லா மாதிரிகளிலும் இருந்தது, நோரோ மிகச் சிலவற்றில் மட்டும் இருந்தது, ஹெபடைடிஸ் இ ஒன்றில்கூட இல்லை. குளிர்நாட்டு நிலையங்களின் முடிவை அப்படியே சென்னைக்குப் பொருத்த முடியாது என்றாலும் ஒரு திசை தெரிகிறது: ஹெபடைடிஸ் ஏ, இ வைரஸ்கள் பெரும்பாலும் மூச்சில் நுழைவதில்லை, கை வழியே வாய்க்குப் போகின்றன. சல்லடையில் குத்தும் ஊசி இன்னொரு வழி. ஹெபடைடிஸ் பி மலத்தால் பரவுவதில்லை. ஆனால் ரத்தம் பட்ட பொருளில் அது ஏழு நாட்களோ அதற்கு மேலோ தொற்றும் நிலையில் இருக்கக்கூடும். இப்படி வழிகளைப் பிரித்துப் பார்த்தால்தான் எதற்குச் செலவு செய்வது, எதற்கு வேண்டாம் என்று முடிவு செய்ய முடியும்.

சான்று இருந்தும் இது ஏன் பேச்சாகவில்லை? கழிவுநீர்த் தொழிலாளரின் சாவு நம் கவனத்துக்கு வருவது பாதாளச் சாக்கடைக் குழியில் விஷவாயு தாக்கும்போதுதான். 2013இல் வந்த சட்டம் கையால் மலம் அள்ளும் வேலையையும், பாதுகாப்பின்றிக் குழிக்குள் மனிதரை இறக்குவதையும் தடை செய்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நியாயமான தீர்ப்புகள், இன்னும் முழுமையாக நிறைவேறாத தீர்ப்புகள். ஆனால் வைரஸ் அன்றைக்கே கொல்வதில்லை. ஹெபடைடிஸ் இ உடம்பில் நுழைந்து இரண்டு முதல் பத்து வாரம் கழித்தே கண் மஞ்சளாகும். அதற்குள் தொழிலாளி வேறு நிலையத்துக்கு மாறியிருக்கலாம். கண் மஞ்சளானதும் ஒப்பந்தத் தொழிலாளி செய்வது என்ன? ஊருக்குப் போகிறார், கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறார், பத்தியம் இருக்கிறார், ஒரு மாதக் கூலி போகிறது. அந்த இடத்தில் ஒப்பந்தக்காரர் இன்னொருவரை நிறுத்துகிறார். நிலையத்தின் கணக்கில் இது நோய்கூட இல்லை, ஆள் மாற்றம். கையில் வந்து விழும் உடல்கள் மட்டுமே எண்ணப்படும் இடத்தில் மெதுவாக வரும் நோய்க்கு இடம் கிடைப்பது கடினம்.

இதற்கு முதலில் வரும் மறுப்பு, அவர்களுக்கெல்லாம் பழகிப்போய்விட்டது, எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும் என்பது. அலுவலர்கள் சொல்வது இருக்கட்டும், தொழிலாளர்களே பெருமையாகச் சொல்வதும் உண்டு. எதிர்ப்புச் சக்தி எங்கிருந்து வந்தது? நோய் வந்துதான். பழகியவர் என்று நாம் காண்பவர் தாக்குப்பிடித்து மிஞ்சியவர். தாக்குப்பிடிக்காதவர் வேலையை விட்டுப் போய்விட்டார், நம் கணக்கிலிருந்தும் போய்விட்டார். ஒப்பந்த முறையில் ஆட்கள் அடிக்கடி மாறும்போது புதிதாக வருபவரின் முதல் ஓரிரு ஆண்டுகள்தான் ஆபத்து மிகுந்தவை. வீட்டில் கழிப்பறையும் குழாய் நீரும் உள்ள குடும்பங்களில் வளர்ந்த இன்றைய இளைஞர்கள் பலருக்குச் சிறுவயதில் ஹெபடைடிஸ் ஏ வந்திருக்காது. பெரியவர்களுக்கு அது வந்தால் கடுமை அதிகம். ஹெபடைடிஸ் இ கர்ப்பிணிகளைத் தாக்கினால் நிலைமை வேறு: கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இந்நோய் கண்டவர்களில் 20 முதல் 25 விழுக்காட்டினர் வரை இறக்கக்கூடும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நிலையங்களில் கூட்டிப் பெருக்கவும் ஆய்வகத்தில் மாதிரி எடுக்கவும் பெண்களும் வேலை செய்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பழகிவிடும் என்று சொல்ல முடியுமா?

அடுத்த மறுப்பு சட்டம் தெரிந்தவர்களுடையது. காமாலை வேலையால் வந்ததா, வீட்டுத் தண்ணீரால் வந்ததா என்று தனியொருவர் விஷயத்தில் எப்படி நிரூபிப்பது என்கிறார்கள். நிரூபிக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். இதே சிக்கல் ஆஸ்பத்திரிச் செவிலியருக்கும் உண்டு. அதற்குச் சட்டம் ஏற்கெனவே வழி சொல்லியிருக்கிறது. 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், தொற்று அபாயம் குறிப்பாக உள்ள வேலைகளில் வரும் தொற்றுநோய்கள் தொழில்சார் நோய்களாக இடம்பெற்றிருந்தன. மருத்துவமனை, ஆய்வகம், கால்நடை வேலைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுவிட்டு, தொற்று அபாயம் உள்ள பிற வேலைகள் என்றும் அது சேர்த்துக்கொண்டது. அந்தச் சட்டத்தை உள்வாங்கிய 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த அட்டவணை தொடர்கிறது. அப்படிப்பட்ட வேலையில் இருந்தவருக்கு அந்த நோய் வந்தால், மாறாக நிரூபிக்காதவரை வேலையால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்பது சட்டத்தின் போக்கு. கதவு பல ஆண்டுகளாகத் திறந்தே இருக்கிறது. கழிவுநீர் சுத்திகரிப்பு அந்தப் பிற வேலைகளில் ஒன்று என்று அரசு வெளிப்படையாக ஓர் அறிவிப்பில் சொன்னால் போதும். வேலைக்குச் சேரும் நாளில் ரத்தம் எடுத்து வைத்துவிட்டால், பின்னர் வந்த நோய் புதியதா பழையதா என்ற வழக்கும் பாதி தீர்ந்துவிடும்.

மேற்பார்வையாளர்கள் சொல்லும் மறுப்பு வேறு: கையுறை, பூட்ஸ், முகக்கவசம் எல்லாம் கொடுத்தோம், போட மாட்டேன் என்கிறார்கள். பல இடங்களில் இது உண்மைதான். சென்னையில் மே மாத வெயிலில், முழங்கை வரை ரப்பர் கையுறையும் ரப்பர் பூட்ஸும் போட்டுச் சல்லடை மேடையில் நின்று வாருவதைக் கற்பனை செய்து பாருங்கள். கையுறைக்குள் வியர்வை தேங்கும், பிடி வழுக்கும், ஒரே அளவில் வாங்கியதால் சிலருக்கு விரல் நுனி தொங்கும். கழற்றிக் காயப்போட இடமில்லாவிட்டால் மறுநாள் உள்ளே ஈரத்தோடுதான் மாட்ட வேண்டும். இதைவிடப் பெரிய பிழை கை கழுவும் குழாயை எங்கே வைக்கிறோம் என்பது. குழாயும் சோப்பும் நிர்வாகக் கட்டடத்தில் இருக்கும். பீடி பற்றவைக்கும் இடமும் டீ குடிக்கும் இடமும் சல்லடை மேடைக்குப் பக்கத்தில் இருக்கும். கொரோனாவுக்குப் பிறகு பல இடங்களில் சானிடைசர் புட்டி மாட்டி வைத்ததோடு கடமை முடிந்தது. கொழுப்புறை இல்லாத நோரோ, ஹெபடைடிஸ் வகைகளிடம் ஆல்கஹால் சானிடைசரின் வீரம் பெரிதாகப் பலிக்காது. அங்கே தேவை ஓடும் நீரும் சோப்பும், அதுவும் பத்தடி தூரத்தில். அதோடு வேலை உடுப்பைத் துவைக்க நிலையத்திலேயே ஏற்பாடு வேண்டும். பையில் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போய்க் குழந்தையின் துணியோடு ஊறவைப்பதைத் தொழிலாளியின் அலட்சியம் என்று சொல்வது நியாயமில்லை.

தடுப்பூசி பற்றி நிபுணர்களே ஒத்துப்போவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கழிவுநீர்த் தொழிலாளர்களுக்கு வழக்கமாக ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி தேவையில்லை என்பது அமெரிக்கா எடுத்த நிலை. சுத்திகரிக்காத கழிவுநீரோடு புழங்குபவர்களுக்குப் போட வேண்டும் என்பது பிரிட்டனின் பரிந்துரை. அமெரிக்காவின் நிலைக்குக் காரணம், அந்நாட்டுக் கழிவுநீர்த் தொழிலாளர்களிடையே வேலை வழியாக இந்நோய் கொத்தாகப் பரவியதாகப் பதிவில்லை என்பது. அங்கே கை வேலை குறைவு, கழிவுநீரில் அந்த வைரஸும் குறைவு. நம் நிலைமை அதுவல்ல. எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. சேரும்போது ரத்தப் பரிசோதனை செய்து, எதிரணு இல்லாதவருக்கு மட்டும் ஹெபடைடிஸ் ஏ, எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி என்று முடிவு செய்தால் போதும். ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசியை வெளிநாட்டிலிருந்துதான் தருவிக்க வேண்டும் என்ற நிலையும் மாறிவிட்டது. ஐதராபாத் நிறுவனம் ஒன்று உள்நாட்டிலேயே உருவாக்கி 2024 ஜனவரியில் சந்தைக்குக் கொண்டுவந்திருக்கிறது. புனே ஆய்வு சுட்டிக்காட்டிய ஹெபடைடிஸ் இ நோய்க்கோ சீனாவில் தடுப்பூசி இருந்தும் நம் தடுப்பூசித் திட்டத்தில் எதுவும் இல்லை. ஆகவே அந்த நோய்க்குக் குழாயும் சோப்பும் சாப்பாட்டு அறையும்தான் இன்றைக்குத் தடுப்பூசி.

செலவு என்ற மறுப்பில் நான் அதிக நேரம் செலவிடப் போவதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்குப்படி நாட்டின் நகரங்களில் நாளொன்றுக்கு 72,368 மில்லியன் லிட்டர் கழிவுநீர் உருவாகிறது. சுத்திகரிக்க நிறுவிய திறன் 31,841 மில்லியன் லிட்டர்தான். இடைவெளியை நிரப்ப நாடெங்கும் நிலையங்கள் எழுகின்றன. சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளொன்றுக்குத் தலா 45 மில்லியன் லிட்டர் திறனில் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு ஆலைகள் 2019 முதல் இயங்குகின்றன. அங்கே சுத்தமாகும் நீர் தொழிற்சாலைகளுக்கு விலைக்குப் போகிறது. கருங்குழியில் 2017இல் தொடங்கிய மலக்கசடு சுத்திகரிப்பு நிலையத்தைப் போல் சிறு ஊர்களுக்கும் நிலையங்கள் வந்துவிட்டன. அங்கே வருவது வீட்டுத் தொட்டிகளிலிருந்து லாரியில் உறிஞ்சி வந்த அடர்ந்த கசடு. பல கோடி ரூபாய் ஒப்பந்தத்தில், ஆண்டுக்கொரு ரத்தப் பரிசோதனையும் சில தவணைத் தடுப்பூசியும் எத்தனை பைசாவாகும் என்பதை ஒப்பந்தம் எழுதுபவர்களே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். பணியிடப் பாதுகாப்பு பற்றிய 2020 சட்டத் தொகுப்பு, அரசு குறிப்பிடும் வகைத் தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை செய்ய வேண்டியதை முதலாளியின் கடமையாக்கியிருக்கிறது. அந்த வகையில் இவர்களைச் சேர்ப்பது மாநில அரசின் கையில் இருக்கிறது. பிஓடி தாண்டினால் பிடித்தம் போடும் ஒப்பந்தத்தில், நோய்ப் பதிவேடு இல்லாவிட்டாலும் பிடித்தம் என்று ஒரு வரி சேர்க்கலாம்.

இவ்வளவும் அரசைப் பார்த்துச் சொன்னவை. இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் பலர் தாங்களே முதலாளிகள் என்பதை மறந்திருக்கக்கூடும். பழைய மகாபலிபுரம் சாலையிலும் அதுபோன்ற புறநகர்களிலும் பெரிய அடுக்ககங்கள் ஒவ்வொன்றிலும் சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, பெரும்பாலும் தரைக்குக் கீழே, வண்டி நிறுத்துமிடத்துக்குப் பின்னால். காற்றோட்டம் குறைந்த அந்த அறையில் ஒற்றை ஆபரேட்டர் வேலை பார்ப்பார். சில இடங்களில் மோட்டார் சத்தத்துக்கு நடுவே அங்கேயே ஒரு மூலையில் சாப்பிட்டுத் தூங்குவதும் உண்டு. அவரை அமர்த்தியது ஏதோ ஒரு பராமரிப்பு நிறுவனம். அந்த நிறுவனத்துக்குப் பணம் போவது நம் மாதப் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து. நகர நிலையத்தில் ஆய்வாளராவது வந்து போவார், இங்கே அதுவும் இல்லை. உங்கள் அடுக்ககச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஆபரேட்டருக்குக் காமாலைத் தடுப்பூசி போட்டாயிற்றா, கீழ்த்தளத்தில் சோப்போடு குழாயும் சாப்பிடத் தனி இடமும் இருக்கின்றனவா, அவர் நோயில் படுத்தால் அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா. பதில் இல்லையென்றால், புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் அவற்றைச் சேர்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.